பதினான்கு ஆண்டுப் பழைய காரில் மைலேஜ் குறைவு: கிருஷ்ணகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் வாகனம் 2011-ஆம் ஆண்டு மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஒரு சிறிய கார். அதன் உரிமையாளர் கிருஷ்ணகிரி நகரில் வசிக்கும் வேதியியல் ஆசிரியை. 2016-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாளிலிருந்து, பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர், தொகை ஆகிய நான்கையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். லாரி ஓட்டிய அவருடைய தந்தை டிரிப் ஷீட் எழுதுவதைப் பார்த்து வளர்ந்ததால் வந்த பழக்கம் இது. அந்த நோட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

நான் போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றில் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு பேருந்தும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அங்கே கே.எம்.பி.எல். என்ற பெயரில் பதிவேட்டில் ஏற்றுவோம். ஒரு வண்டியின் எண் இறங்கினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று எண்ணி அவசரப்பட்டுப் பலமுறை தவறியிருக்கிறேன். அதனால் இந்தக் கார் என்னிடம் வந்தபோது, ஸ்பேனரை எடுக்கும் முன் நோட்டைத்தான் கேட்டேன்.

2025 ஏப்ரலில் கார் 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2023 இறுதிவரை லிட்டருக்குச் சராசரியாக 16.5 கி.மீ. கொடுத்துவந்த வண்டி, 13.1-க்கு இறங்கியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது வயதாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடக் கூடிய அளவு அல்ல.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தவை

நோட்டையும், அதன் அட்டைக்குள் செருகி வைத்திருந்த பில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பதினான்கு மாதங்களில் நான்கு நிகழ்வுகள் நடந்திருப்பது தெரிந்தது. அவற்றுள் ஒன்றைக்கூட உரிமையாளர் மைலேஜோடு தொடர்புபடுத்தியிருக்கவில்லை. அப்படித் தொடர்புபடுத்த அவருக்கு முகாந்திரமும் இல்லை.

2024 பிப்ரவரியில் நான்கு டயர்களும் மாற்றப்பட்டன. பழைய அளவு 155/80 ஆர் 13 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). கடையில் சொன்னதை ஏற்றுப் போட்டது 165/80 ஆர் 13. சற்று அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

2024 ஏப்ரலில், சூளகிரிக்குச் செல்லும் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி வண்டி நின்றது. அருகிலிருந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்த்தார்கள். பில்லில் இருந்தவை ரேடியேட்டர் ஃபேன் மோட்டார், கூலன்ட், கூலி ஆகிய மூன்று மட்டுமே.

2024 ஜூனில் ஆசிரியைக்குப் பணி மாறுதல் கிடைத்தது. அதுவரை கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் தினமும் ஒரு வழிக்கு 26 கி.மீ. போய் வந்தவர், அதன் பின் காவேரிப்பட்டணம் அருகே 12 கி.மீ. தொலைவில் உள்ள பள்ளிக்குப் போகத் தொடங்கினார்.

நான்காவது, 2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயலின் தொடர்ச்சியாக ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டிய அந்த நாள்களில், கார் அங்கே ஒரு உறவினர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரம் வரை ஏறியது. எஞ்சினுக்குள் நீர் போகவில்லை என்பதால் பெரிய சேதம் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஆனால் வண்டி ஹேண்ட் பிரேக் போட்ட நிலையிலேயே ஒன்பது நாள் அங்கே நின்றது.

2025 ஜனவரிக்குப் பின் எண் வேகமாக இறங்கியது. பங்கில் அளவு குறைக்கிறார்கள் என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. பின்பு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம், பெட்ரோலில் கலக்கும் ஒரு பாட்டில் திரவம் என்று மொத்தம் 6,400 ரூபாய் செலவானது. அந்தச் செலவைப் பற்றி யாரையும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அந்த நாள்களின் இரண்டு வரிகளைப் படிப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் சுத்தம் செய்த அடுத்த முறை, 330 கி.மீ. ஓடி 21.9 லிட்டர் பிடித்தது, மைலேஜ் 15.1. நோட்டின் ஓரத்தில் மகிழ்ச்சியோடு ஒரு டிக் அடித்திருக்கிறார். அதற்கடுத்த முறை, மீண்டும் 330 கி.மீ. ஓடி 28.1 லிட்டர் பிடித்தது, மைலேஜ் 11.7. அங்கே ஒரு கேள்விக்குறி. இரண்டையும் கூட்டினால் 660 கி.மீ., 50 லிட்டர், 13.2. இன்ஜெக்டர் சுத்தத்தால் எதுவும் மாறவில்லை. முதல் முறை பங்கில், டேங்க் நிறைய இன்னும் மூன்று லிட்டர் இருக்கும்போதே கன் தானாக நின்று ஆட்டோ கட் ஆகிவிட்டது. அந்தக் குறைவு அடுத்த முறைக்குக் கடனாகப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான்.

ஏர் ஃபில்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் அடைபட்ட ஃபில்டர் பெட்ரோலைக் குடித்தது உண்மை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. பெட்ரோலைக் குறைத்துவிடுவதால், அடைப்பு இழுவையைத்தான் பாதிக்கும். மைலேஜை அநேகமாகப் பாதிக்காது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட சோதனைகளும் இதையே காட்டின.

முதல் முடிவு: அளவையை நிலைப்படுத்துதல்

ஒரு மாதத்துக்கு எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். "இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டணுமா அண்ணா?" என்று ஆசிரியை கேட்டார். ஓட்டத்தான் வேண்டும் என்றேன். எண் எது என்று உறுதியாகத் தெரியாமல் எதை மாற்றினாலும், பலன் கிடைத்ததா இல்லையா என்பது தெரியப் போவதில்லை. இந்த முடிவில் ஒரு பிழை இருந்தது; அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

ஒரே பங்கு, ஒரே பம்ப், காலை ஏழு மணிக்கு முன், வண்டி எப்போதும் ஒரே திசையில் நிற்க வேண்டும், முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்திவிட வேண்டும், ரூபாயைச் சரிக்கட்டுவதற்காக மேலும் ஊற்றக் கூடாது என்று வழிமுறை வகுத்தோம். கோடை முழுவதும் ஏ.சி. ஓடும் என்பதால், பிற்பாடு மழைக்காலத்தில் எடுக்கும் அளவும் ஒப்பிடத் தக்கதாக இருக்க, ஏ.சி.யை எப்போதும் இரண்டாம் நிலையிலேயே வைப்பது என்றும் உறுதி செய்துகொண்டோம். ஒரு டேங்கை வைத்து எதையும் முடிவு செய்யாமல், தொடர்ந்து மூன்று டேங்குகளைக் கூட்டிய பின்பே வகுக்க வேண்டும். டேங்க் நிறைவதில் ஏற்படும் பிழை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே கணக்கில் வரும். இடையில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எனவே 25 லிட்டரில் அரை லிட்டர்ப் பிழை 2 சதவீதம் என்றால், 75 லிட்டரில் அதே அரை லிட்டர் 0.7 சதவீதமாகச் சுருங்குகிறது.

நிரப்புவது எப்போதும் கிருஷ்ணகிரியில்தான் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு காரை அந்த 380 மீட்டர் மேலே தூக்குவதற்கு மட்டும் 400 மில்லியிலிருந்து அரை லிட்டர் வரை பெட்ரோல் தேவைப்படும். போகும்போது கிருஷ்ணகிரியில் நிரப்பி, ஓசூரில் மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டால் வண்டி மோசமாகத் தெரியும். திரும்பும்போது கணக்கிட்டால் அதே வண்டி பிரமாதமாகத் தெரியும்.

அந்த மாதத்திலேயே பங்கின் மீதான சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டோம். எல்லாப் பங்குகளிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும்; வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. எங்கள் கண்ணெதிரே பிடித்ததில் சுமார் 10 மில்லி குறைவாக இருந்தது, அதாவது 0.2 சதவீதம். பங்கில் தவறில்லை. கேட்டபோது அங்கிருந்த ஊழியர் முகம் சுளிக்காமல் பாத்திரத்தை எடுத்து வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மூன்று டேங்குகளின் முடிவு: 987 கி.மீ., 75.3 லிட்டர், 13.1. இதுவே தொடக்க எண்.

கவனித்தவை

டயர் காற்று, வீல் அலைன்மென்ட், கிளட்ச், பெட்ரோல் குழாய்கள் ஆகியவை சரியாக இருந்தன. புதிய பிளக்குகளின் நிறமும் சீராக இருந்தது. இவற்றை ஒரே காலையில் பார்த்து முடித்தோம்.

*ஓடோமீட்டர்.* 155/80 ஆர் 13 டயரின் விட்டம் கணக்குப்படி 578 மி.மீ.; 165/80 ஆர் 13 டயரின் விட்டம் 594 மி.மீ. ஒரு சுற்றுக்குப் புதிய டயர் 2.8 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. ஓடோமீட்டரோ சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் கிலோமீட்டர்க் கற்களைப் பார்த்தபடி 20 கி.மீ. ஓட்டினோம், ட்ரிப் மீட்டர் 19.5 காட்டியது. ஆகவே நோட்டில் காணும் குறைவில் ஒரு பகுதி, கார் உண்மையில் ஓடியும் கணக்கில் ஏறாத தூரம்.

*எரிபொருள்.* நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதக் கலப்பான இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் நாடெங்கும் பரவியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் சுமார் 21 மெகாஜூல். பெட்ரோலில் சுமார் 32. எனவே 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்குப் போகும்போது ஒரு லிட்டரின் ஆற்றல் 3.5 சதவீதம் குறைகிறது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீர்செய்த கார்களில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்றே மதிப்பிட்டிருந்தது.

நாங்கள் போடும் பெட்ரோலில் உண்மையில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று பார்க்க ஆசிரியை விரும்பினார். மூடியுள்ள 250 மில்லி அளவு உருளையில் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் 100 மில்லி பெட்ரோலை விட்டு, மூடி, மெல்லத் தலைகீழாகப் புரட்டி, இடையிடையே மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றினார். நெருப்பு எதுவும் இல்லாத திறந்தவெளி வேப்ப மர நிழலில் செய்த சோதனை இது. பத்து நிமிடத்தில் இரண்டு அடுக்குகள் பிரிந்தன. எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும் என்பதால், 50-இல் நின்ற கீழ் அடுக்கின் கோடு 69-க்கு ஏறியிருந்தது. சுமார் 19 சதவீதம். இ.சி.யூ.வில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ரீடரும் இதையே வேறு வகையில் சொன்னது: இ.சி.யூ. தன் பழைய கணக்கைவிட 7 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டிருந்தது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவைப்படுகிறது. இது கோளாறின் அறிகுறி அல்ல.

*எஞ்சினின் வெப்பம்.* அந்தக் காலத்துக் கார்கள் எல்லாவற்றிலும் ஓ.பி.டி. ரீடர் வேலை செய்யாது; இதில் செய்தது நல்வாய்ப்பு. ஓசூர் வரை போய்த் திரும்பினோம். மே மாத வெயிலில் ஏற்றத்தில் கூலன்ட் வெப்பம் 78 டிகிரி வரை போனது. திரும்பும் இறக்கத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 70, 66, 63 என்று இறங்கி 61-இல் நின்றது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின் 85-க்கும் 95-க்கும் இடையில் நிற்க வேண்டும். வெளியே அனல் காற்று வீசும்போது எஞ்சின் குளிர்ந்துபோவது, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே இருந்தால்தான் நடக்கும். டேஷ்போர்டில் உள்ள முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றதை உரிமையாளரும் கவனித்திருந்தார். ஒருமுறை சூடேறி நடுவழியில் நின்ற வண்டி என்பதால், முள் கீழே இருப்பது நல்லதுதானே என்று நினைத்திருந்தார்.

*சக்கரம்.* ஓசூரிலிருந்து வந்து இறங்கியதும் இடது பின்சக்கரத்தின் அருகே ஒரு தீய்ந்த வாடை வந்தது. வெப்பமானியைப் பிரேக் டிரம்மின் மேல் காட்டினேன்: இடது பக்கம் 96 டிகிரி, வலது பக்கம் 54. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றியதில், வலது சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது. இடது சக்கரம் கால் சுற்றிலேயே நின்றது.

மறுநாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சமதளக் கிராமச் சாலையில், 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரலில் விட்டு, 10 கி.மீ. வேகத்துக்கு இறங்கும் வரை வண்டி எவ்வளவு தூரம் உருள்கிறது என்று இரு திசைகளிலும் அளந்தோம். சராசரி 320 மீட்டர்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பழுதுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, இடையில் மூன்று டேங்க் அளந்து, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே திட்டம். எதை முதலில் என்ற கேள்விக்கு இடமில்லை. பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆபத்து. அதைச் சோதனைக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

டிரம்மைக் கழற்றியதும் ஊத்தங்கரைத் தண்ணீர் செய்த வேலை தெரிந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் உறைக்குள் துருவேறி இறுகியிருந்தது. லிவரை விட்டாலும் கேபிள் முழுமையாகத் திரும்பவில்லை. வீல் சிலிண்டரின் ஒரு பக்கப் பிஸ்டனும் இறுகியிருந்தது. பிரேக் ஷூவின் ஓரம் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. டிரம்மின் அடியில் உலர்ந்த வண்டல் மண் விரலில் மாவாக ஒட்டியது. கேபிள், இரு பின்சக்கரங்களுக்கும் ஷூ, சிலிண்டர் கிட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டோம். கூலியோடு 2,900 ரூபாய். அதே சாலையில் மறுபடி உருட்டிப் பார்த்ததில் 385 மீட்டர் ஓடியது. இடது டிரம்மின் வெப்பமும் வலதுக்கு இணையாக வந்தது.

அதன் பிறகு எடுத்த மூன்று டேங்குகளில் மைலேஜ் 14.0.

அடுத்தது தெர்மோஸ்டாட். வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கும் என்று எதிர்பார்த்து ஹவுசிங்கைத் திறந்தோம். உள்ளே வால்வே இல்லை. கேஸ்கெட் போடும் இடத்தில் பேஸ்ட் தடவி மூடியிருந்தார்கள். 2024 ஏப்ரலில் ஃபேன் மோட்டார் மாற்றிய கையோடு, வால்வையும் கழற்றி எடுத்திருக்கிறார்கள். பாகம் எதுவும் மாற்றப்படாததால் அது பில்லில் வரவில்லை. நம்முடைய வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, அது குளிர் நாட்டுக்கானது என்ற நம்பிக்கை பல ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அப்படிச் செய்வதில்லை. நடுவழியில் மறுபடி வண்டி நின்றுவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் அது தவறான நம்பிக்கை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெர்மோஸ்டாட் வெளியே உள்ள வெயிலுக்காக இல்லை. எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை விரைவில் அடைந்து அங்கேயே நிற்பதற்காக இருக்கிறது. அந்த வெப்பம் வராதவரை இ.சி.யூ. எஞ்சினைக் குளிர்ந்ததாகவே கருதிக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கிறது. ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது. தினமும் ஒரு வழிக்கு 12 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கு இது இரட்டை இழப்பு. காவேரிப்பட்டணம் போகும் வழியில் நாங்கள் பார்த்தபோது, பள்ளி வாசலில் எஞ்சினை நிறுத்தும் நேரத்திலும் வெப்பம் 68 டிகிரியைத் தாண்டவில்லை. ஒரு வருடமாக அந்த எஞ்சின் ஒருநாள்கூட முழுதாகச் சூடாகியிருக்காது.

82 டிகிரியில் திறக்கும் புதிய வால்வு, கேஸ்கெட், கூலன்ட் சேர்த்து 1,650 ரூபாய் ஆனது. பழைய சூடேற்றம் திரும்பக் கூடாது என்பதற்காக, ஏ.சி. ஓடும் நிலையில் வண்டியை அரை மணி நேரம் நிற்கவைத்து, ஃபேன் சரியான வெப்பத்தில் ஓடி நிற்பதை உறுதி செய்த பிறகே சாலைக்குக் கொண்டுபோனோம். இப்போது நான்காவது கிலோமீட்டரிலேயே வெப்பம் 80-ஐத் தொடுகிறது.

டயரை உடனே மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவற்றில் இன்னும் பாதிக்கு மேல் ஆயுள் மிச்சமிருக்கிறது. கணக்கைத் திருத்திக்கொள்வதற்காக நல்ல டயரைத் தூக்கிப் போடுவது வீண். நோட்டில் ஒவ்வொரு தூரத்தையும் 1.028-ஆல் பெருக்கிக்கொள்வது போதும்.

தொடர்ந்து நிகழ்ந்தவை

தெர்மோஸ்டாட் போட்ட பின் எடுத்த மூன்று டேங்குகளின் மைலேஜ் 14.9. 2025 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான பக்கங்களில் இந்த எண் 14.8-க்கும் 15.0-க்கும் இடையில் நிலையாக நிற்கிறது. டயர்த் திருத்தத்தோடு பார்த்தால் உண்மையான மைலேஜ் 15.3.

அப்படியானால் பழைய 16.5-க்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஆசிரியை கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை மீண்டும் நோட்டுக்கு அனுப்பியது. 16.5 என்பது, சூடான எஞ்சினோடு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடிய வண்டியின் எண். இப்போதைய பயன்பாட்டோடு ஒப்பிட, அவர் பள்ளிக்குப் போகாமல் உள்ளூரில் மட்டும் ஓட்டிய மாதங்களைத் தேடினோம். 2022, 2023 மே விடுமுறைகளில் நான்கு நிரப்பல்கள் அகப்பட்டன, சராசரி 16.0. நான்கு நிரப்பல் என்பது வலுவான சான்று அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதையே அளவுகோலாகக் கொண்டு, எரிபொருளின் 3.5 சதவீதத்தைக் கழித்தால் 15.4 வருகிறது. நாங்கள் அடைந்தது 15.3. தசமத்துக்குத் தசமம் கணக்குப் பொருந்திவிட்டது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். எங்கள் அளவையின் பிழையே அந்த வித்தியாசத்தைவிடப் பெரியது. பெரிய காரணம் எதுவும் கண்ணுக்குத் தப்பவில்லை என்று மட்டும் சொல்லலாம். நவம்பரில் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்த கம்ப்ரெஷன் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. வயதாகிவிட்டது என்று எல்லோரும் முதலில் குற்றம் சாட்டிய எஞ்சின், காரணங்களின் வரிசையில் இடம்பெறவே இல்லை.

பிரித்துச் சொன்னால், நோட்டில் தெரிந்த குறைவில் பிரேக்கும் தெர்மோஸ்டாட்டும் தலா 6 முதல் 7 சதவீதத்துக்குப் பொறுப்பு, எரிபொருள் 3.5 சதவீதம், பாதை மாற்றமும் டயரும் தலா ஏறத்தாழ 3 சதவீதம். தனித்தனியே வந்திருந்தால் முதல் இரண்டு மட்டும் ஒருவேளை கவனத்துக்கு வந்திருக்கும். மற்றவை ஒரு டேங்கின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும் அளவில் சிறியவை.

செலவுக் கணக்கு: பலன் தந்த இரு வேலைகளுக்கும் 4,550 ரூபாய். மாதம் 700 கி.மீ. ஓட்டத்துக்கு முன்பு 53 லிட்டர் தேவைப்பட்டது. இப்போது 47 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் மாதம் 600 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஏழெட்டு மாதத்தில் செலவு திரும்பிவிடும்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

முதல் நாளே, வண்டியை ஓட்டி வந்து நிறுத்திய கையோடு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெப்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். பணிமனையில் ஒவ்வொரு பேருந்துக்கும் நாங்கள் செய்த வேலை அது. அளவையை நிலைப்படுத்தும் ஆர்வத்தில், பிரேக் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வண்டியை ஒரு மாதம், 987 கிலோமீட்டர் ஓட விட்டேன். தீய்ந்த வாடை வந்த பிறகே கவனித்தேன். சூடேறிய டிரம்மோடு தொப்பூர்க் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் அந்த வண்டி சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் மனம் ஒப்பவில்லை. பாதுகாப்புச் சோதனை ஒரு மணி நேர வேலை. அதை முடித்த பிறகே ஒரு மாத அளவையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

பழுது பார்க்கும் இடத்தில் என்ன போட்டீர்கள் என்று மட்டும் கேட்பதை விட்டு, எதைக் கழற்றினீர்கள் என்றும் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று உரிமையாளருக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளத்தில் நின்ற வண்டியின் பின்பிரேக்கைத் தண்ணீர் வடிந்த வாரத்திலேயே திறந்து பார்த்திருந்தால், கேபிளுக்கு எண்ணெய் விட்டதோடு வேலை முடிந்திருக்கும். அந்த மழைக்குப் பின் மாவட்டத்தில் நின்ற எத்தனையோ வண்டிகளுக்கு இது பொருந்தும்.

ஆசிரியையின் நோட்டில் இப்போது நான்கு பத்திகளுக்குப் பதில் ஏழு இருக்கின்றன: எந்தப் பம்ப், பாதி தூரத்துக்கு மேல் எந்தச் சாலை, வண்டியில் என்ன வேலை நடந்தது என்ற மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அட்டையின் உட்புறத்தில், அடுத்த முறை டயர்க் கடைக்குப் போகும்போது மறக்காமலிருக்க, சிவப்பு மையில் 155/80 என்று எழுதி இரு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.